ஒண்ணில்ல

பேருந்து ஹதார் மேட்டில் ஏறும்போது ஃபானியாவின் மடியிலிருந்த பை சரிந்து வயிற்றில் இடித்தது. உள்ளே, மருத்துவமனையில் கழித்துப்போட்ட தலையணை உறையில் சுற்றிய இரண்டு பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகள். மகள் தீனா போன வாரம் ஹைஃபாவின் கீழ்நகரத்துப் பழஞ்சாமான் சந்தையில் வாங்கி வந்தவை. ஒன்றின் கழுத்து லேசாக வளைந்திருந்தது. யாரோ ஒரு குடும்பத்தின் மேசையில் ஐம்பது, அறுபது வருஷம் நின்றிருக்க வேண்டும். இன்றைக்கு அவை ஃபானியாவின் அம்மாவுடையவை.

"ஒரே ஒரு வாக்கியம்தாம்மா," என்றாள் தீனா, பக்கத்து இருக்கையிலிருந்து, குரலைத் தாழ்த்தி. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கம்மா இதுல விளக்கேத்துவாங்க. அவ்வளவுதான். இதச் சொன்னா நாக்கு புண்ணாயிடுமா?"

"ஆகாது."

"அப்புறம் என்ன?"

ஃபானியா ஜன்னல் வழியே பார்த்தாள். துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் மார்ச் மாதத்து வெயிலில் நாரைகள் மாதிரி நின்றன. கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடு தெரியவில்லை. இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. முதல் நாள் பார்த்தபோதும் அந்தக் கோடு தெரியாமல்தான் இருந்தது. அன்றைக்கு அது ஒரு நல்ல சகுனம் என்று அவளுக்குத் தோன்றியது.

தீனாவின் கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. பதிவு செய்யப் போன இடத்தில் எழுத்தர் கோப்பைப் புரட்டிவிட்டு, தாய்வழி தெளிவாக இல்லை, மத நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். ஃபானியாவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் யூதன், தாய் உக்ரேனியப் பெண். அவளை இந்த நாட்டுக்குள் விட அரசாங்கத்துக்குத் தகப்பன் போதும். அவளுடைய மகளுக்குத் தாலிக்குச் சமமான அந்த ஒற்றை மோதிரம் போட, மத நீதிமன்றத்துக்கு யூதத் தாய் வேண்டும். தாயின் தாய் வேண்டும். இந்த நாட்டில் மத முறையில் மட்டுமே கல்யாணம் என்பதால், சைப்ரஸுக்குப் படகேறிக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. மாப்பிள்ளை அவிஷையும் அதற்குத் தயார். தீனாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு எனக்கு ஒரு பொண்ணு பொறந்தா அவளும் இதே பெஞ்சுல வந்து உக்காரணுமா? என்னோட முடியட்டும்."

நீஸ்டர் ஆற்றங்கரையில் மொகிலேவ் என்கிற அந்தச் சின்ன ஊரில், பள்ளிக்கூடத்தில் ஃபானியாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக அவளுக்கு நினைவில்லை. யூதச்சி என்றால் திரும்பிப் பார்ப்பாள். இங்கே மருத்துவமனையின் துணிப்பிரிவில் அவள் ருஷ்யக்காரி. படுக்கை விரிப்புகளுக்குத் தையல் போட்டுக்கொண்டே சில சமயம் நினைப்பாள், இரண்டு ஊருக்கும் நடுவே கடலில் எங்கோ ஓர் இடத்தில்தான் நான் வெறும் ஃபானியாவாக இருந்தேன் என்று.

நீதிமன்றத்தின் நடையில் நீளமான பெஞ்சுகள். விவாகரத்துக்கு வந்தவர்கள் ஆணும் பெண்ணும் எதிரெதிர்ச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். மதியப் பிரார்த்தனை நேரம். சட்டைக்கு வெளியே குஞ்சம் தொங்க, ஒல்லியான எழுத்தர் ஒருவர் நடையில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். பத்து ஆண்கள் கூடினால்தான் தொழுகை. அவர் ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் விரல் நீட்டாமல், மோவாயை மட்டும் அசைத்து, பத்துச் சொல் கொண்ட ஒரு வேத வரியைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆளுக்கு ஒரு சொல். ஒன்பதாவது சொல்லில் ஆள் தீர்ந்துவிட்டது.

"கடைசிச் சொல்லு தொங்குதே! யாராவது ஒருத்தர் வாங்கப்பா."

"நான் விவாகரத்துக்கு வந்தவன். என்னைச் சேத்துக்குவீங்களா?" என்றான் மூலையில் இருந்த பருத்த மனிதன்.

"பொண்டாட்டி உன்னை விட்டாலும் விடுவா, கடவுள் விடமாட்டாரு. எழுந்து வா."

எதிர்ச் சுவரிலிருந்து அவன் மனைவி, "கடவுளுக்கும் ரெண்டே நாள்ல இவரைப் பத்தித் தெரிஞ்சிடும்," என்றாள். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஃபானியாவும் சிரித்தாள். ஆனால் அவளுக்குள் வேறு ஏதோ ஒன்று தூக்கத்தில் புரண்டு படுத்தது. மனிதர்களை எண்ணாமல் எண்ணும் குரல். எங்கோ கேட்ட மெட்டு. ஈரத்துணியின் வாசனையும் கரியடுப்பின் சூடும் அதனோடு வந்தன. பிடிப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தாயை மட்டும் முதலில் வரச் சொன்னார்கள். தீனா அவளுடைய பையைச் சரிசெய்து தோளில் மாட்டிவிட்டாள், பள்ளிக்கு அனுப்புவதுபோல. "ஒரே வாக்கியம்," என்றாள் மறுபடி.

மேடையில் மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்தவர் முதியவர். கண்ணிமைகள் கனத்து, பாதித் தூக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தார். பக்கவாட்டு மேசையில் விசாரணை அதிகாரி பின்ஹாஸ் செலிக். ஐம்பது வயது இருக்கும். சோவியத் நாட்டின் கிஷினேவில் பிறந்தவர். பழைய சோவியத் முத்திரைகளில் எது அசல், எது கள்ளம் என்று மோந்தே சொல்லிவிடுவார் என்று பெயர்.

"அம்மா பேரு?"

"காகிதத்துல ஆன்னா. வீட்டுல ஹிந்தா."

"காகிதத்துல உக்ரேனியன்னு இருக்கே."

"நான் பொறந்த வருஷம் மாத்துனாங்க, ஐயா. அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு அதிகாரி. யூதர்களை வேலையிலிருந்து தூக்கிக்கிட்டிருந்த சமயம். வீட்டுல ஒருத்தராவது மிஞ்சட்டும்னு அம்மா பேரை மாத்துனாரு. பழைய காகிதத்தை அடுப்புல போட்டாங்களாம்."

"யார் சொன்னா?"

"அப்பா. சாகிறதுக்கு முந்தி."

பின்ஹாஸ் எழுதிக்கொண்டார். இதே கதையோடு வாரத்துக்கு நாலு பேர் வருகிறார்கள் என்பது அவர் எழுதிய விதத்திலேயே தெரிந்தது. சிலருடையது உண்மை. எல்லாருக்கும் அடுப்பு இருந்தது.

"உங்கம்மா பேசின யித்திஷ் வார்த்தைகள் ஞாபகம் இருக்கா?"

அந்த யூத வீட்டுமொழியில் ஃபானியா சொன்னவை: தலையணை, கரண்டி, மூக்குச்சளி, துரதிருஷ்டம். இரண்டு வசவுகள். இளைய நீதிபதி தேநீர்க் கிளாசைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.

"இதெல்லாம் அந்த ஊர்ல பக்கத்து வீட்டு உக்ரேனியக்காரிக்கும் தெரிஞ்சிருக்கும், அம்மா," என்றார் பின்ஹாஸ். குரலில் கடுமை இல்லை.

"தெரியும், ஐயா. வசவு அவங்களுக்கு எங்களைவிட நல்லாத் தெரியும்."

"பஸ்கா பண்டிகைக்குப் புளிக்காத ரொட்டி?"

"வரும். யாரோ தலையணை உறைக்குள்ள வச்சுக் கொண்டுவந்து குடுப்பாங்க. மத்த ரொட்டியோட சேத்துச் சாப்பிடுவோம்."

"அது உங்கப்பாவுக்காக வந்திருக்கலாம். பன்னிக்கறி?"

"கிடைச்சப்ப சாப்பிட்டோம்."

நடுவிலிருந்தவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேத்துவாங்களா, அம்மா?"

பை மடியில் இருந்தது. தலையணை உறைக்குள் பித்தளையின் வளைந்த கழுத்து அவள் உள்ளங்கைக்குத் தட்டுப்பட்டது. அந்த வாக்கியம் நாக்கில் தயாராக நின்றது. கதவுக்கு வெளியே தீனா நிற்பது, நிழலாக, கண்ணாடியில் தெரிந்தது. அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் அம்மா திரைச்சீலையை இழுத்து மூடுவாள். மூடிவிட்டு ஒன்றும் செய்யமாட்டாள். மேசையருகே கொஞ்ச நேரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான். எதற்காகத் திரையை மூடினாளோ அது மறந்துபோன பிறகும் மூடுவது மட்டும் மிஞ்சியிருந்தது.

"இல்ல, ஐயா," என்றாள் ஃபானியா. "ஏத்தல."

இனி ஒன்றுமில்லை. பின்ஹாஸ் கோப்பை மூடப்போனார். அப்போது வெளியே அந்த எழுத்தரின் குரல் மறுபடி கேட்டது. விவாகரத்துக்காரன் எங்கோ நழுவியிருக்க வேண்டும். முதல் சொல்லிலிருந்து ஆட்களை மறுபடி அடுக்கிக்கொண்டு வந்தார். ஃபானியாவின் உதட்டில் தன்னையறியாமல் ஒரு சிரிப்பு வந்தது.

"என்ன?" என்றார் நடுவிலிருந்தவர்.

"ஒண்ணுமில்ல, ஐயா. அவரு எண்ணுறது. எங்கம்மாவும் நேரா எண்ணமாட்டா. சந்தைக்கோ ஊர்ப் பொதுக்குளியலறைக்கோ கூட்டிட்டுப் போனா, திரும்புறப்ப எங்களை வரிசையா நிறுத்தி, தலையைத் தொட்டு, நிட் எய்ன்ஸ், நிட் ஸ்வே, நிட் த்ரைன்னு சொல்லுவா. அதாவது, ஒண்ணில்ல, ரெண்டில்ல, மூணில்ல..."

பின்ஹாஸின் கை நின்றது.

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டா முதுகுல ஒண்ணு வைப்பா. எண்ணுனா போயிடும்பா. எது போயிடும்னு சொல்லமாட்டா."

முதியவர் இப்போது கண்ணைத் திறந்திருந்தார். "தாவீது ராஜா சனங்களை எண்ணிப் பாத்தான், ஊருக்குள்ள கொள்ளைநோய் வந்துச்சு," என்றார், யாரிடமும் இல்லாமல். "எங்க வீட்டுலயும் இப்படித்தான். நாங்க எட்டு இல்லாத பேரு." இளைய நீதிபதி வாய்விட்டே சிரித்தார். முதியவர் சிரிக்கவில்லை. "சொல்லுங்க அம்மா. எப்படி எண்ணுவாங்க, உங்கம்மா மாதிரியே செஞ்சு காட்டுங்க."

ஃபானியா எழுந்தாள். பையை நாற்காலியில் வைத்தாள். ஐம்பத்து நான்கு வயதுப் பெண், வேலைக்குப் போட்டுக்கொள்ளும் செருப்போடு, மூன்று தாடிக்காரர்களுக்கு முன்னால் காற்றில் கையை நீட்டினாள். கை தானாகவே தாழ்ந்து, முழங்கால் உயரத்துக்கு வந்தது. "ஒண்ணில்ல." பிறகு மேலே. "ரெண்டில்ல, இது ரோசா, மூத்தவ. மூணில்ல, கிரிஷா. நாலில்ல, நான். அஞ்சில்ல, மீஷா." 

அவள் உட்கார்ந்தாள்.

"நீங்க எத்தனை பிள்ளைங்க?" என்றார் பின்ஹாஸ்.

"நாலு பேரு."

"நீங்க எத்தனாவது?"

"மூணாவது..." என்றவள் நிறுத்தினாள்.

கை இன்னும் மடியில் விரிந்தே இருந்தது. அதைப் பார்த்தாள். அம்மா எப்போதும் அடுப்பு மூலையிலிருந்து ஆரம்பிப்பாள், அல்லது கதவோரத்திலிருந்து. அங்கே யாரும் இல்லை. முதலில் வெறும் இடத்தைத் தொடுவாள். முழங்கால் உயரத்தில், உள்ளங்கையைக் கவிழ்த்து, சூடு பார்ப்பதுபோல. பிறகுதான் ரோசா. அப்படித்தான் எண்ண ஆரம்பிக்கவேண்டும்போல என்று குழந்தைகள் நால்வரும் நினைத்திருந்தார்கள். சமையலில் முதல் அப்பத்தைக் கணக்கில் சேர்க்காததுபோல.

"ரோசா எப்ப பொறந்தாங்க?"

"நாப்பத்தாறு. அப்பா போர்முனையிலேர்ந்து வந்தப்புறம்."

"அவரு போனது?"

"நாப்பத்தொண்ணு கோடை."

பின்ஹாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "போர் வந்ததும் மொகிலேவ்ல யூதர் தெருவைச் சுத்தி முள்வேலி போட்டுருந்தாங்க," என்றார். "அந்தக் குளிர்காலத்துல டைபஸ் காய்ச்சல். உள்ள செத்தவங்களை ஒருத்தர் எழுதி வச்சிருக்காரு. பேரு, வயசு, எந்த வீடு. பட்டியல் இருக்கு, முழுசா இல்ல. உக்ரேனியப் பொண்ணா இருந்தா வேலிக்கு உள்ள அந்த மூத்த பிள்ளைய வச்சிருந்திருக்க மாட்டா." பிறகு, மெதுவாக, "பேரு தெரியுமா, அம்மா?"

"தெரியாது, ஐயா."

"பொண்ணா, பையனா?"

அவளுக்கு அதுவும் தெரியவில்லை. ஆனால் "பொண்ணு," என்று வந்தது வாயில். வந்தபிறகு அது பொய்யாகப் படவில்லை.

மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். பட்டியலைத் தேடட்டும், கிடைத்தால் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் நாக்குப் பழக்கத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்றார் முதியவர். அவள் கதவருகே போனபோது, "பையை விட்டுட்டீங்க," என்றார். "கனமா இருக்கும்போல." அவர் கண்கள் மறுபடி பாதி மூடியிருந்தன. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அவற்றிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

நடையில் தீனா ஓடி வந்தாள். "சொன்னியா?"

"இல்ல."

"அம்மா!"

"எனக்கு ஒரு அக்கா இருந்தா, தீனா."

தீனா திட்டுவதற்குத் திறந்த வாயோடு நின்றாள். ஃபானியா படிகளில் இறங்கத் தொடங்கினாள். ஹதாரிலிருந்து கீழ்நகரம் வரை இறங்கும் கல்படிகள். பேருந்து வேண்டாம் என்றுவிட்டாள். இரண்டு பக்கமும் மல்லிகையும் உலரப்போட்ட துணிகளும். ஒவ்வொரு வளைவிலும் கடல் கொஞ்சம் பெரிதானது. முழங்கால் உயரத்தில் ஏதோ ஒன்று தன்னோடு படி இறங்குவதுபோல அவள் நடையைக் குறைத்துக்கொண்டாள். சின்னக் கால்களுக்கு இந்தப் படிகள் உயரம். தீனா நாலு படி முன்னால் போய், திரும்பி நின்று, காத்திருந்தாள். என்னம்மா இவ்வளவு மெதுவா என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவிஷை வந்தான். அவன் அம்மா கொடுத்தனுப்பிய காரமீன் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் சமையலறை முழுக்க மல்லித்தழை மணம். பித்தளைத் தண்டுகள் மேசையில் நின்றன. தூக்கிப் போட மனம் வராமல் தீனாதான் துலக்கி வைத்திருந்தாள். விளக்கேற்றியதும் அவள்தான். ஒரு குச்சி அணைந்து, இரண்டாவதில் பற்றியது. பிரார்த்தனை வார்த்தைகளைத் தாளைப் பார்த்து வாசித்தாள்.

அவிஷை அடுப்போரத்து நாற்காலியை இழுத்தான்.

"அங்க வேண்டாம்," என்றாள் ஃபானியா.

"ஏன், கால் ஆடுதா?" என்று குனிந்து பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபக்கம் போய் உட்கார்ந்தான்.

தீனா தட்டுகளை எடுத்து வந்தாள். வைத்துக்கொண்டே, எதையோ தேடுகிற குரலில் கேட்டாள். "அம்மா, சின்ன வயசுல, ரயில்ல ஏறுறப்ப எல்லாம் என் தலையைத் தொட்டு ஒண்ணு சொல்லுவியே."

"என்ன சொல்லுவேன்?"

"ரெண்டில்ல." தீனா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "உனக்கு இருந்தது நான் ஒருத்திதான். யாரு ஒண்ணுன்னு கேக்கணும்னு நினைப்பேன். கேக்கவே இல்ல."

ஃபானியா அடுப்போரத்து நாற்காலியைப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் சுடர்கள் அசைந்தன. அவற்றுக்குப் பின்னால் துறைமுகத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அவிஷை ரொட்டியின் மேலிருந்த துணியை விலக்கினான்.

மேசையில் நாலு தட்டு இருந்தது. யாரும் எண்ணவில்லை.