மண் போட்டது யார்

அன்றைக்கு விடியற்காலையில் நானும் அக்காவும் சண்டை போட்டது ஒரு ஜோடி காலுறைக்காக. முந்தின நாள் மூட்டையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைக் காலுறை கிழியாமல் கிடைத்திருந்தது. "ஒனக்குத்தான் சின்னக் காலு, நீ போட்டுக்க லின்சி" என்றாள். "ஒனக்குத்தான் பித்தவெடிப்பு, நீ போடு" என்றேன். கடைசியில் ஆளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டோம். மற்ற காலில் வெறும் செருப்பு. "ரெண்டு பேரும் சேந்து ஒரு கான்வென்ட் புள்ள" என்று அக்கா சிரித்தாள். இருவரும் ரயில் பாதையைத் தாண்டி நடந்தோம்.

எங்கள் ஊர்க் குப்பைமேடு வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஒரு பக்கம் வாய்க்கால். மறுபக்கம் நீடாமங்கலம் போகிற ரயில் பாதை. குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம் அது. பச்சை நாற்றின் வாசனை வாய்க்கால் வரைக்கும் வரும், அதற்கு மேல் வராது. அங்கிருந்து புளித்த சோறும் மீன் கழுவிய தண்ணீரும் குழந்தைகளின் பேம்பர்ஸும் நாறும். நாற்றம் முதலில் மூக்கில் இருக்கும், பிறகு நாக்கில் வந்து உட்காரும். அதன் பிறகு தெரியாது. டீக்கடைக்காரர் மட்டும் தெரிந்துகொள்வார். காசை நேரே பலகையில் வைக்கச் சொல்வார்.

அறுவடைக்கு மெஷின் வந்த பிறகுதான் நாங்கள் குப்பைக்கு வந்தோம். அக்கா அக்னஸ் நடவுக்குப் போனால் வரிசை கோணாது என்று பெயர் வாங்கியவள். குனிந்து நாற்று நட்ட அதே முதுகோடு குனிந்து பால் கவர் பொறுக்கினாள். கையில் வளைத்த கம்பி, இடுப்பில் கட்டிய சாக்கு. வண்டி கொட்டினதும் காக்கையும் நாயும் நாங்களும் ஒன்றாக ஓடுவோம். கண்ணாடி கிழிக்கும், ஊசி குத்தும். வேப்பிலையை மென்று காயத்தில் துப்பிவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்ப்போம்.

மேட்டில் அடிக்கடி தீப்பிடிக்கும். யாரும் வைக்க வேண்டியதில்லை, வெயிலில் தானே பிடித்துக்கொள்ளும். எரிந்து ஆறின மேட்டில்தான் செம்பும் இரும்பும் கிடைக்கும். ஆனால் மேலே சாம்பல் பூத்து, அடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு மேடு ஆறிவிட்டதா என்று கம்பியை ஆழமாகக் குத்தி, எடுத்துப் புறங்கையில் வைத்துப் பார்ப்போம். சுடவில்லை என்றால் பக்கத்திலிருந்து மண் அள்ளி அதன் தலையில் போடுவோம். மண் கிடந்தால் ஏறலாம், கிடக்காவிட்டால் ஏறக் கூடாது. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் கூட ஒருவருக்கொருவர் மண் போட்டு வைப்பார்கள். தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர், மறுநாள் ஒருத்தி போட்ட மண்ணை நம்பி இன்னொருத்தி ஏறினதை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று தெற்கு மேட்டில் மண் கிடந்தது.

"யாரோ போட்டிருக்காங்க பாரு" என்றாள் அக்கா. "நேத்து இந்தப் பக்கம் ராத்தாதான நின்னாங்க." நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் கமருன்னிஸா எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அவர் மண் போட்டால் அதற்கு மேல் யாரும் கம்பி குத்திப் பார்ப்பதில்லை.

அக்கா ஏறினாள். பாதி மேட்டில் நின்று திரும்பி, "மூட்டைய எடுத்துட்டு வாடி" என்றாள். வாய் மூடுவதற்குள் காலடி உள்வாங்கியது. இடுப்புவரை இறங்கிவிட்டாள். மேலே மண், கீழே நெருப்பு. புகைகூட மெதுவாகத்தான் வந்தது. அவள் போட்ட சத்தத்தில் காக்கைகள் எல்லாம் எழும்பின. நான் குப்புறப் படுத்துச் சாக்குக் கயிற்றை வீசினேன். ஓடிவந்த கமருன்னிஸா ராத்தா என் கால்களைப் பிடித்துக்கொள்ள, இழுத்து எடுத்தோம். வாய்க்காலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தண்ணீர் விடுகிற முறை வராததால் வாய்க்காலில் சேறுதான் இருந்தது.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் அவளை வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் தீக்காயம் ஒன்றும் இல்லை. தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தாள். அவள் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டாள். தண்ணீர் கேட்கவில்லை, வீட்டில் விட்டு வந்த தன் பிள்ளையைக் கேட்கவில்லை.

"மண்ணு யாருடி போட்டா?"

"தெரியலக்கா."

"பாக்காம போட மாட்டாங்களே. யாரு போட்டா?"

பதில் தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

கல்லறைத் தோட்டத்துக்குக் கமருன்னிஸா ராத்தா வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவருக்கு வெளியே நின்றார். ரெத்தினம் எங்களோடு பொறுக்குகிறவள், வாய் கொஞ்சம் கூர்மை. நேரே போய், "பாக்காம மண்ணப் போட்டுட்டு இப்பப் பாக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டாள்.

"அல்லா மேல ஆணை. நான் போடல ரெத்தினம்."

"அப்ப மேடே எந்திரிச்சுப் போட்டுக்கிச்சா?"

அதன் பிறகு யாரும் அவரோடு பேசவில்லை. மேட்டில் அவர் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. அவர் குடத்திலிருந்து யாரும் தண்ணீர் எடுக்கவில்லை. இதைவிடக் கொடுமை, யாரும் யாருடைய மண்ணையும் நம்பவில்லை. ஆறின மேடுகளைக்கூடச் சுற்றிக்கொண்டு போனோம்.

அந்த வாரக் கடைசியில் காண்ட்ராக்டர் அரவிந்தன் எங்களைக் கூப்பிட ஆள் அனுப்பினார். பழைய குப்பையைச் சலித்து நிலத்தை மீட்டுத் தருவதாகக் காண்ட்ராக்ட் எடுத்திருப்பவர். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மூக்கில் மாஸ்க், எதிரே ஊதுவத்தி. நான் உள்ளே போனேன், மற்றவர்கள் வாசலில் நின்றார்கள்.

"வாம்மா. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றார். உட்காரச் சொல்லவில்லை. "அடக்கச் செலவு நான் பாத்துக்கறேன். ஸ்டேஷன்ல குடுக்கறதுக்கு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். கைநாட்டா, கையெழுத்தா?"

"படிக்கவும் தெரியும் சார்."

வாங்கிப் படித்தேன். என் அக்கா செம்புக் கம்பி திருடுவதற்காக அத்துமீறி உள்ளே நுழைந்தாள், கமருன்னிஸா என்பவர் அஜாக்கிரதையாகப் போட்ட மண்ணின் மீது ஏறி விழுந்தாள், இதில் வேறு யாருக்கும் பொறுப்பில்லை என்று இருந்தது.

"திருடியா?"

"அட, போலீசுக்கு ஒரு வார்த்தை அது. உள்ள இருக்கறது எல்லாம் கம்பெனிப் பொருள் இல்லையா?"

"ஊரே வேண்டாம்னு தூக்கி எறிஞ்சது சார்."

"எறிஞ்சவன் எறிஞ்சான். இப்ப எங்கிட்ட வந்துருச்சு." குரலைத் தணித்தார். "மண்ணு போடறது ஒங்க பழக்கந்தானே? வாட்ச்மேன் சொன்னான். அந்தக் கெழவி பாக்காம போட்டுட்டா. அவளுக்காக நீ ஏன் பாக்கற? கையெழுத்துப் போட்டா மத்தவங்க எப்பவும் போல வரலாம், போகலாம். இல்லன்னா கேட்டப் பூட்டிருவேன்."

எனக்குப் பின்னால் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அடுப்பு எரியாத வீடு ஒவ்வொருத்தி முகத்திலும் தெரிந்தது. பேனாவை என் பக்கம் தள்ளினார். ராத்தா தலையைக் குனிந்துகொண்டு, "போட்டுரு லின்சி. எம்மேல எழுதுனது எழுதுனதா இருக்கட்டும். இதுங்க பொழைக்கணும்" என்றார்.

அப்போது வெளியே ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் எஞ்சின் நின்றது. டிரைவர் மருதையன் இறங்கி வந்தார். அதிகம் பேசாத மனிதர். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்த மண்ண நாந்தான் அடிச்சேன்."

"மருதையா, வண்டிய எடு."

"எடுக்கறேன் சார், சொல்லிட்டு எடுக்கறேன். சோதனைக்குப் பெரிய ஆபீசருங்க வர்றாங்க, பொகை தெரியக் கூடாது, ஆத்து மண்ண அள்ளி மூடுன்னீங்க. மூடிட்டேன். இவங்க ஏறிருவாங்க சார், இவங்களுக்கு மண்ணு ஒரு அடையாளம்னு அப்பவே சொன்னேன். என்ன சொன்னீங்க?"

அரவிந்தன் மாஸ்க்கைச் சரிசெய்தார்.

"'ஏறச் சொல்லி நானா கூப்புட்டேன்'னீங்க."

அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்டவள்தான் இல்லை.

முதலில் அழுதது ரெத்தினம். ஓடிப்போய்க் கமருன்னிஸா ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைய ரெண்டு அடி அடிச்சுரு ராத்தா" என்றாள்.

"அடிக்கிறதுக்கு எனக்குத் தெம்பு எங்கடி இருக்கு, தண்ணி குடு" என்றார் ராத்தா. யாரோ குடத்தைச் சாய்த்தார்கள்.

நான் காகிதத்தை மடிக்காமல் மேசையிலேயே வைத்தேன். "எங்கக்கா திருடி இல்ல. ராத்தா மண்ணு போடல. போட்டது யாருன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

"ஒருத்தியும் உள்ள வர முடியாது. நாளைக்கு வயிறு சொல்லும், அப்ப வருவீங்க."

ராத்தா தண்ணீரை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார். "குப்பை ஒங்களுதுன்னா நீங்களே பொறுக்குங்க தம்பி. கையுறை வேணுமா? எங்கிட்ட ஒத்தக் கைக்கு இருக்கு."

அன்று மருதையனுக்கு வேலை போனது. சாவியை மேசையில் வைத்துவிட்டு எங்களோடு கேட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தார். மறுநாள் காலையில் ஊருக்குள் தள்ளுவண்டி தள்ளுகிற தூய்மைப் பணியாளர்கள் வந்தார்கள். அவர்களும் காண்ட்ராக்ட் ஆட்கள்தான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் வந்தவள் வண்டியை நிறுத்தினாள். அடுத்து வந்தவள் அதன் பின்னால் நிறுத்தினாள். வாய்க்கால் மதகு வரைக்கும் வண்டிகள் நின்றன. ஊரின் குப்பை முழுவதும் ரோட்டில் நின்று வெயிலில் நாறியது. பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். முதல் தடவையாக யாரோ ஜன்னல் வழியாக, "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டார்கள். ரெத்தினம் எழுந்து நின்று முதலிலிருந்து சொன்னாள்.

போலீஸ் வந்து மருதையனையும் தள்ளுவண்டிக்கார ஆண்களையும் வேனில் ஏற்றியது. நாங்களும் ஏறிக்கொண்டோம். எங்களை ஏற்ற யோசித்தார்கள், வண்டி நாறும் என்று. மாலையில் விட்டார்கள். நேரே கேட்டுக்கே திரும்பினோம். சங்கம் வைக்கலாம் என்று மருதையன் சொல்கிறார். என்ன பெயர் வைப்பது என்று தகராறு நடக்கிறது. திருவாரூருக்குப் போய்க் கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறோம். நான்தான் எழுதினேன். அக்காவின் பெயருக்குப் பின்னால் 'தொழிலாளி' என்று எழுதினேன். அந்தச் சொல்லை வாசித்துக் காட்டச் சொல்லி ராத்தா இரண்டாம் முறையும் கேட்டார்.

கேட் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. எங்கள் வீடுகளில் ஒருவேளைச் சோறுதான். அதையும் கொண்டுவந்து கேட்டருகில் வைத்துச் சேர்ந்தே சாப்பிடுகிறோம்.

சோதனைக்கு வருவதாக இருந்த அதிகாரிகள் இன்றுவரை வரவில்லை.