கிரவுண்டுக்கு வந்த சீழ்க்கைச் சிறகி

ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்களின் த்ரோபால் டீமுக்கு அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு பெயர் வேண்டும். ஜெர்சி அச்சடிக்கும் பூந்தமல்லி கடைக்காரர் கெடு வைத்துவிட்டார். தப்பினால் வெறும் நீல பனியனோடுதான் போட்டிக்குப் போக வேண்டும்.

‘ஆவடி ஏஞ்சல்ஸ்’ என்று கேப்டன் தேவிப்பிரியா முடிவே கட்டிவிட்டாள். ஜெபாவுக்கு அது தாங்கவில்லை. அவள் ஒரு மாதமாக மனசுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெயர் வேறு.

"சீழ்க்கைச் சிறகி," என்றாள்.

"இன்னாடி அது, லேகியமா?" என்றாள் தேவிப்பிரியா.

"காட்டு வாத்துடி. நம்ம ஏரில கீது. சீழ்க்கைன்னா விசிலு. சிறகின்னா சிறகு உள்ளது. பறக்கசொல்ல விசில் அடிச்சிகினே போவும். ஆணும் பொண்ணும் பாக்க ஒரே மாரி, ரெண்டும் அடிக்கும். பொட்டப்புள்ள விசில் அடிக்காதன்னு அத்த மட்டும் யாரும் திட்றதில்ல."

"முதுகுல வாத்து பேர போட்டுகினு நான் வர மாட்டேன். சரி, ஒன்னு பண்லாம். இருட்றதுக்குள்ள உன் வாத்து இந்த கிரவுண்டு மேல விசில் அடிச்சா அந்தப் பேரு. இல்லாட்டி ஏஞ்சல்ஸ்."

ஜெபா புல்தரையில் மல்லாந்து படுத்து வானத்தையே பார்த்தாள். கொக்கு போனது. காக்கா போனது. அண்ணனூர் பக்கம் ரயில் ஊதியது.

"அது கணக்குல வராது," என்றாள் தேவிப்பிரியா.

வானம் மங்கிக்கொண்டே வந்தது. வாத்து வரவில்லை. ஜெபாவின் முகத்தைப் பார்க்கத் தேவிப்பிரியாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"எப்டித்தான் அடிக்கும் அது? அடிச்சிக் காட்டு."

ஜெபா உதட்டைக் குவித்து இரண்டு சுரமாக அடித்தாள். தேவிப்பிரியாவும் குவித்தாள். பிறந்ததிலிருந்து விசிலடித்தே பழக்கமில்லாத உதடு; வெறும் காற்றுதான் வந்தது.

"மூஞ்சில துப்பாதடி."

மூன்றாவது முறை கீச்சென்று ஏதோ கிளம்பியது. அவ்வளவுதான், டீமின் ஏழு பேரும் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாம் மாடி பால்கனியில் விளக்கு எரிந்தது. தேவிப்பிரியாவின் அம்மா வனஜா எட்டிப் பார்த்தாள்.

"எவடி அவ, விளக்கு வைக்கிற நேரத்துல விசில் அடிக்கிறது?"

வழக்கமாக ஜெபாவின் தலைதான் உருளும். அவள் திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றாள்.

தேவிப்பிரியா உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"சீழ்க்கைச் சிறகிம்மா. வாத்து."

"வாத்தா? எங்க?"

"இங்கதான், கீழ. ஏழு இருக்கு."

போனை எடுத்துக் கடைக்காரரை அழைத்தாள்.

"அண்ணே, பேரு சொல்றேன், எழுதிக்கோங்க. கொஞ்சம் நீளம். முதுகு முழுக்க வந்தாலும் பரவால்ல."