பிரியம்வதா பேசாமல் இருந்த கதை

1

இந்தக் கதை அடுத்த வீட்டில் கிடைத்தது. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி பிரியம்வதா, உளப்பகுப்பாய்வாளர். நெதர்லாந்து போய் மயக்கும் காளான் தின்று, கண்டதைத் தாங்க முடியாமல் திரும்புகிறவர்கள் அவளுடைய முன்னறைக்கு வருவார்கள். யார் எந்த முகத்தோடு வெளியே போகிறார் என்பது என் சன்னலுக்குத் தெரியும். உள்ளே நடந்ததில் பாதி, அப்படி வந்தவர்களில் ஒருவரான ஞானேஸ்வரன் தன் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தானே சொன்னது. மீதி என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மழையில் நனைந்த லண்டன் தன் துயரத்தை..." வேண்டாம். இந்த ஊருக்கு என்ன துயரம், வாடகை வாங்குகிற ஊர்.

இரண்டாவது: ஈஸ்ட் ஹாம் மளிகைக்கடை ஞானேஸ்வரன், காளான் மயக்கத்தில் தம்பி கிருசாந்தனைக் கண்டார். இலங்கைப் போரின் கடைசியில் காணாமல் போனவன். சேற்றில் மல்லாந்து கிடந்தான், கண் திறந்திருந்தது. இதுவே இருக்கட்டும்.

(கிருசாந்தனை இன்னும் கொஞ்சம் எழுதப் பார்த்தேன். அகப்படவில்லை. அவன் மனைவி மாலினிக்கே இத்தனை வருடமாக அகப்படாதவன்.)

3

பிரியம்வதா மற்ற சிகிச்சையாளர்களுக்கு வகுப்பும் எடுக்கிறாள். அங்கே சொல்வது இது: காளானில் கண்டதைக் கனவைப்போலக் கையாளுங்கள். உண்மை என்று தலையாட்டாதீர்கள், பொய் என்று உதறாதீர்கள். பேசாமல் இருங்கள், அவர்களே தோண்டி எடுப்பார்கள்.

ஞானேஸ்வரன் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பியின்ரை கதை முடிஞ்சுது டொக்டர், நான் கண்டனான். மாலினி இன்னும் பொட்டு வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கிறா. அவவுக்குச் சொல்லட்டோ?"

தம்பியை விட்டுவிட்டு வந்த குற்றத்துக்கு இவர் மன்னிப்புக் கேட்கிறார், பதில் சொன்னால் குற்றம் மறுபடி புதைந்துவிடும் என்று பிரியம்வதா நினைத்தாள். பேசாமல் இருந்தாள். நேரம் முடிந்தது.

* அடிக்குறிப்பு: பெரிய படிப்புப் படித்தவர் சொன்னதைக் கேட்டுவிட்டு மறுக்காமல் இருந்தால், ஞானேஸ்வரன் வீட்டில் அது சம்மதம். கல்யாணமே அப்படித்தான் நிச்சயமாகும். மதுரைக்காரி பிரியம்வதாவுக்கும் இது தெரியாததல்ல. வகுப்பெடுத்து வகுப்பெடுத்து மறந்திருந்தாள்.

4

அடுத்த முறை அவர் மலர்ந்த முகத்தோடு வந்தார். "நீங்கள் சொன்ன மாதிரியே சொல்லிப்போட்டன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"வேண்டாமெண்டு சொல்லேல்லைத்தானே. ஞாயிற்றுக்கிழமை காரியம், ஐயருக்கும் சொல்லியாச்சு. இப்பதான் டொக்டர் எனக்கு நித்திரை வருது."

[இங்கே "அவள் கண்கள் கலங்கின" என்று எழுதி அடித்தேன். அவள் அப்படிப்பட்டவள் அல்ல. அவர் போனதும், கழுவிய கோப்பையை மறுபடி கழுவினாள்.]

5

சனிக்கிழமை மாலினியே விம்பிள்டனிலிருந்து வந்துவிட்டாள். குப்பைத் தொட்டியை நகர்த்தும் சாக்கில் நானும் வெளியே நின்றேன்.

"ஞானேஸ்வரன் அத்தான் இஞ்சை வாறவர். அவர் கண்டது உண்மையோ?"

"இங்க யார் வர்றாங்க, என்ன பேசினாங்கன்னு நான் சொல்ல முடியாதுங்க." தொழில் விதி.

"சரி, அவரை விடுங்கோ. காளான் திண்டால் செத்தவை மட்டுந்தான் செத்த மாதிரித் தெரிவினமோ? உயிரோடை இருக்கிறவையும் அப்பிடித் தெரிவினமோ? நாளைக்கு நான் பொட்டை அழிக்கவேணும் டொக்டர்."

இதற்கு விதி குறுக்கே நிற்கவில்லை. பதில் பிரியம்வதாவுக்குத் தெரியும்.

6

ஒரு முடிவு: "உயிரோட இருக்கறவங்களும் தெரிவாங்க" என்கிறாள். மாலினி பொட்டோடு திரும்பிப் போகிறாள், சாகும்வரை காத்திருக்க. ஞானேஸ்வரன் தம்பியின் சாவை உறுதிசெய்துகொள்ள இன்னொரு தரம் நெதர்லாந்துக்குப் புறப்படுகிறார்.

இன்னொன்று: பேசாமல் நிற்கிறாள். மாலினி அந்த வீட்டு வழக்கப்படியே அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, பொட்டை அழிக்க... வேண்டாம்.

மூன்றாவது, கிருசாந்தன் உயிரோடு வந்து நிற்பது. அதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பிரியம்வதாவின் வாயில் ஒரு வார்த்தை வைக்க எனக்குத் தைரியமில்லை. உங்களுக்கு இருந்தால் வையுங்கள். வைத்த பிறகு மாலினியின் முகத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் உள்ளே போகிறேன்.