ஏழு ஞாயிறுகள்

எங்கள் பள்ளியில் எல்லோரையும் எழுத வைத்தவள் என்று போன மாதம் என்னை மேடையேற்றி ஒரு கேடயம் கொடுத்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன். ஒருவரை எழுதவிடாமல் செய்தவளும் நான்தான். அதை யாரும் பொறிக்கவில்லை.

நான் கணக்கு டீச்சர். ஐம்பது வயது வரை எனக்கும் கவிதைக்கும் ஏழாம் பொருத்தம். என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது தேர்வு அறைக் கண்காணிப்பு. மூன்று மணி நேரம் உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது. நாற்பது தலைகளையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒருநாள் மூன்றாவது வரிசையில் ஒரு பெண், விடை தெரியாமல், தன் அழிப்பானை ஸ்கேலால் சிறுசிறு சதுரங்களாக நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி நான்கு வரி மனதில் ஓடியது. மிஞ்சிய வினாத்தாளின் பின்பக்கம் அதைக் கிறுக்கி, மொழிப்பாட ஆசிரியரிடம் காட்டினேன்.

படித்துவிட்டு மனுஷர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களே எழுத ஆரம்பிச்சுட்டா நாங்க கடையைக் கட்டிட வேண்டியதுதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆசிரியர் அறைக்கு வெளியே சுவர் விரிசலை மறைக்க மாட்டியிருந்த பழைய அறிவிப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் யார் வேண்டுமானாலும் அதில் எழுதி ஒட்டலாம். விளையாட்டு ஆசிரியர் தன் முழங்கால் வலியைப் பற்றி எழுதினார். அலுவலக எழுத்தர் மேசை மின்விசிறியைத் திட்டி எழுதினார். ஒட்டுவதற்கு முன் எல்லாம் என் கைக்கு வரும். நான் வெட்டுவேன், செதுக்குவேன், நல்ல கையெழுத்தில் படியெடுப்பேன். விடை வந்தபின் ரஃப் தாளைக் கிழித்துப் போடுவது என் பழக்கம். அவர்கள் கொடுத்த தாள்களுக்கும் அதே கதிதான். யாரும் முகம் சுளிக்கவில்லை. "டீச்சர் கை பட்டாதான் கவிதை" என்று எழுத்தர் வேறு ஏற்றிவிட்டார்.

வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளரை நாங்கள் லேப் அக்கா என்போம். இருபத்தைந்து வருடமாகக் குடுவை கழுவுகிறவர். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. ஆண்டு மலருக்கு எல்லோரிடமும் கவிதை கேட்டபோது அவரையும் விடவில்லை. இரண்டு மாதம் கழித்து, அமிலப் புட்டிகளின் கையிருப்புப் பட்டியலைத் திருப்பி, அதன் பின்பக்கம் எழுதியதைக் கொண்டுவந்து நீட்டினார்.

அவர் மகன் வெளியூரில் குடும்பத்தோடு இருந்தான். ஞாயிறுதோறும் கூப்பிடுகிறவன் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான். அதுதான் கவிதை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வரி, அதன் கீழே 'இன்றும் கூப்பிடவில்லை'. இப்படி ஏழு தடவை. நீலம், கறுப்பு, பச்சை என்று மை மாறி மாறி இருந்தது. பேனா தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஏழு வாரம் உட்கார்ந்து எழுதியது என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை.

எனக்குப் பட்டதெல்லாம் ஒன்றுதான். ஒரே வரி ஏழு இடத்தில் வருகிறது. பொதுவாக வருவதை வெளியே எடுத்து ஒருமுறை எழுதினால் போதும். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது அதுதானே. பத்து நிமிடத்தில் சுருக்கிவிட்டேன்:

போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.
மணி நன்றாகத்தான் அடிக்கிறது.
இந்த ஞாயிறு மகன் கூப்பிடவில்லை.

ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் அதை மைக்கில் படித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அக்கா பின்சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பலகைக்கு அவர் எதுவும் தரவில்லை. ஒரு மாதம் பொறுத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன்.

"என்னக்கா, அடுத்த கவிதை எப்போ?"

அவர் சோதனைக்குழாய்களைத் தாங்கியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மலர்ல ஒண்ணு வாங்கி அவனுக்குத் தபால்ல அனுப்புனேன் டீச்சர். போன்ல சொல்லலாம்னா எனக்குத் தொண்டை அடைச்சுக்கும். புஸ்தகத்துல வந்தா படிப்பான்னுதான் எழுதுனேன்."

"படிச்சானா?"

"படிச்சான். அன்னைக்கே கூப்பிட்டான். ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிடாததுக்கு ஊரைக் கூட்டணுமாம்மான்னு கேட்டுட்டு வச்சுட்டான்."

அவனுக்கும் எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவள் நான்தான்.

"நீங்க அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே, ஏழு வாரம்னு."

"சொன்னேன். புஸ்தகத்துல அப்படி இல்லையேன்னுட்டுத்தான் வச்சான்."

குரலில் கோபம் இல்லை. என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அன்று வீட்டுக்கு வந்து குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன் கிழித்த தாள் அங்கே எப்படி இருக்கும்? புத்தி பேதலித்தால் மனுஷி இப்படித்தான் தேடுவாள்.

ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்தேன். அசலை அப்படியே அடுத்த மலரில் திருத்தம் என்று போட்டு, என் கைப்பட ஒரு கடிதமும் வைத்து, அவனுக்கு நானே அனுப்புவதாகத் திட்டம். முதல் ஞாயிறு, போனைத் தலையணைக்கு அடியில் வைத்தது. இரண்டாவது, குளிக்கும்போது கதவைச் சாத்தாமல் விட்டது. மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரியை விட்டுக் கூப்பிடச் சொல்லி மணி அடிக்கிறதா என்று பார்த்தது. ஐந்தாவது, பேரனுக்குப் பரீட்சை இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டது. ஆறாவது, அவன் பழைய நம்பரையும் போட்டுப் பார்த்தது. நாலாவதும் ஏழாவதும் எவ்வளவு முட்டிமோதியும் வரவில்லை. வாய்ப்பாட்டை இந்த வயதிலும் தலைகீழாகச் சொல்வேன். ஒரு தாயின் இரண்டு ஞாயிறுகள் எனக்கு நினைவில் நிற்கவில்லை. அதற்காக நான் படுகிற வெட்கம் சொல்லி மாளாது.

கேடயம் வாங்கிய மறுநாள் காலை அந்தத் தாளோடு ஆய்வகத்துக்குப் போனேன். அக்கா ஈரக்கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் அதை வாங்கினார். வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

"ரெண்டு விட்டுப் போச்சு டீச்சர்."

"தெரியும்க்கா. அது என்னன்னு சொல்லுங்க, உங்க வார்த்தையிலயே எழுதிக்கிறேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

அவர் தாளை நாலாக மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"வேணாம் டீச்சர். அந்த ரெண்டு மட்டுமாவது என்கிட்டயே இருக்கட்டும்."

பிறகு குழாயைத் திறந்துவிட்டு, மிச்சமிருந்த குடுவைகளைக் கழுவத் தொடங்கினார்.