மூடியது, பூட்டியது

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: ஆய்வுக்கூடத்தின் தலைவர், பதிவுகளைக் கணினியில் ஏற்றிக் கணக்குப் போடும் பெண், இறந்துபோனவளின் அக்கா, அவர்களுடைய சித்தப்பா, கதவை ஒட்டிய நாற்காலியில் ஊசி. இறந்துபோனவளும் இருந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம், மேசைமேல் மூன்று பக்க அறிக்கையாக.

ஊசி என்பது பட்டப்பெயர். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, கண்ணுக்கு எட்டாத முனை செய்து, அதை ஒரு செல்லின் சவ்வில் ஒட்டவைத்து, அங்கே இருக்கிற ஒரே ஒரு பொட்டாசியம் வாசல் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. முனைவர் பட்டத்துக்கு என்று வந்தவன். நான்காம் வருடம் பாதியில் விட்டுவிட்டு, அதே நாற்காலியில் சம்பளத்துக்கு உட்கார்ந்தான். பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். பெயர் ஒட்டிக்கொண்டது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார்," என்றார் சித்தப்பா. "இதயத்துல ஓட்டைன்னா கேள்விப்பட்டிருக்கேன். நீங்க என்னமோ வாசல்ங்கறீங்க, கதவுங்கறீங்க. வீடு கட்டற கதையா இருக்கு."

தலைவர் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் செல்களில் மின்சாரம் ஏறுகிறது. அது இறங்கினால்தான் செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். இறக்கிவிடுவது பொட்டாசியம். அது செல்லுக்குள்ளிருந்து வெளியேற வாசல் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் செல் ஏறிய நிலையிலேயே நிற்கும். அந்த நேரம் பார்த்துத் திடுக்கென்று ஏதாவது நடந்தால் தாளம் தப்பிவிடும்.

"அலாரம் அடிச்சுது," என்றாள் அக்கா. "எழுந்து உக்காந்தா. அணைக்கக் கை நீட்டினா. அவ்வளவுதான்."

தலைவர் அறிக்கையை எடுத்து, ஏற்கெனவே மூன்று முறை வாசித்த வரியை நான்காவது முறை வாசித்தார். இந்தக் குடும்பத்தின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதே மாற்றத்தைத் தட்டில் வளர்த்த செல்களில் புகுத்திப் பார்த்ததில் வாசல்கள் ஒழுங்காகத் திறந்து மூடுகின்றன. கெடுதல் இல்லை. நான்கு மாதத்துக்கு முன் தேதி. அதை நம்பித்தான் இதய டாக்டர் அக்கா, தங்கை இருவருக்கும் முன்னெச்சரிக்கையாகக் கொடுத்துவந்த மாத்திரையை நிறுத்தினார்.

"அறிக்கையில தப்பில்லம்மா," என்றார் அக்காவிடம். "வேற ஏதோ காரணம் இருக்கணும்."

ஊசி தன் கால்களுக்கு நடுவே இருந்த பையைப் பார்த்தான். பதிவு நோட்டு அதில் இருந்தது. சாவுச் செய்தி வந்த அன்றே அலமாரியிலிருந்து எடுத்துவிட்டான்.

வாசலில் பொட்டாசியம் ஓட்டம் இல்லையென்றால் இரண்டில் ஒன்று. மூடியிருக்கலாம், பூட்டியிருக்கலாம். திரையில் இரண்டும் ஒரே தட்டைக் கோடுதான். எது என்று தெரிய, மின்சாரத்தால் இன்னொரு தட்டு தட்ட வேண்டும். மூடிய வாசல் திறக்கும். பூட்டிய வாசல் எவ்வளவு தட்டினாலும் அசையாது. தானாக விடுபடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஊசி தட்டினான். ஒழுங்காகத்தான் தட்டினான். தவறு தட்டியதில் இல்லை, எழுதியதில்.

நோட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எழுத்து. திறந்தது த, மூடியது ம, பூட்டியது ப. ஒரு நாளைக்கு நானூறு எழுத்து. மத்தியானத்துக்கு மேல் அவனுடைய ப-வின் கடைசிக் கோடு உள்பக்கமாகச் சுருண்டுவிடும். கணக்குப் போடும் பெண் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, இதெல்லாம் ம தானே?" என்று கேட்டாள். அவன் குழாய் இழுத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல் "உம்" என்றான். பிறகு அடியில் கையெழுத்தும் போட்டான்.

அந்த "உம்" அவளுக்கும் நினைவிருக்கிறது. இப்போது அவள் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை, வீட்டில் கைக்குழந்தை. அவள் வாயைத் திறக்க மாட்டாள். திறக்க வேண்டியதும் இல்லை என்று ஊசி நினைத்தான். நோட்டு அலமாரிக்குத் திரும்பிப் போனால் போதும், அதை எவனும் புரட்டப் போவதில்லை. மெதுவாகத் தலைவரிடம் தனியாகச் சொல்லலாம். அவர் "பார்க்கலாம்" என்பார். திருத்திய அறிக்கை மூன்று மாதத்தில் வரும்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லதானே சார்?" என்றாள் அக்கா. "நான் தீயணைப்பு நிலையத்துல ஃபோன் எடுக்கறவ. தலைக்கு மேலயே மணி. திங்கட்கிழமை டியூட்டிக்குப் போகலாமா?"

"தாராளமா."

"போகாதீங்க," என்றான் ஊசி.

தலைவர் திரும்பினார். "நீ கொஞ்சம் வெளிய வா, பேசிக்கலாம்."

"மூணு நாளா வெளியதான் சார் பேசிட்டிருக்கேன், எனக்குள்ளயே." நோட்டை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தான். "நான் எழுதினது ப. கணினியில ஏறினது ம. கேட்டப்போ ஆமான்னேன். இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. உங்க வாசல் மூடலைங்க, பூட்டிக்குது. பாதிக்குப் பாதி."

அக்கா நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். விரலை வரிசையாக ஓட்டினாள்.

"இதுல எது ப?"

அவன் காட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு."

"ஆமா."

சித்தப்பா எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று ஊசி நினைத்தான், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவர் அடிக்கவில்லை. "ஒண்ணாம் வகுப்புல உனக்குப் ப சொல்லிக் குடுத்தவங்க நூறு தடவை எழுத வச்சிருக்கணும்டா," என்றார். "எங்க குழந்தை இருந்திருப்பா." மறுபடி உட்கார்ந்து, உட்கார்ந்த பிறகுதான் அழுதார்.

அக்கா அழவில்லை. கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். "நிறுத்தச் சொன்னப்ப தூக்கிப்போட மனசு வரல," என்று யாரிடமோ சொன்னாள். "இதேதானே? இப்பவே போட்டுக்கலாமா?"

தலைவர் ஏற்கெனவே இதய டாக்டரைத் தொலைபேசியில் பிடித்திருந்தார். இரண்டு வாக்கியம் பேசினார், கேட்டார், அவளைப் பார்த்துத் தலையசைத்தார். தண்ணீர் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. அவள் வெறும் வாயில் விழுங்கினாள். போகும்போது ஊசியின் பக்கம் திரும்பவில்லை. அவன் எதிர்பார்க்கவும் இல்லை.

"சாவி," என்றார் தலைவர். ஊசி கொடுத்தான். "அடையாள அட்டை." கொடுத்தான். "எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்."

"சொன்னா திங்கட்கிழமைக்குள்ள என்ன பண்ணியிருப்பீங்க?"

தலைவர் நோட்டை மூடிவைத்தார். கணக்குப் போடும் பெண் அவனுடைய மேல்சட்டையை எடுத்துவந்து கொடுத்தாள். "அண்ணா" என்று ஆரம்பித்தாள். "உம்," என்றான் அவன். அதோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.

நடைவழிக்கு வந்தான். பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. நாலடி நடந்த பிறகுதான் சாப்பாட்டு டப்பா நாற்காலிக்கு அடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து ஒரு தட்டு தட்டினான். உள்ளே காலடிகள் கதவுவரை வந்து நின்றன. இன்னொரு தட்டுக்குக் கையைத் தூக்கினான். அதற்குள் சாவி இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டியது.