இரண்டாவது பக்கெட்

புறங்கை மைக்கை நோக்கிப் போகிறது, விரல்கள் உள்ளே மடங்கி, முட்டிகள் மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு, தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறவர் கை மாதிரி, தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு, சட்டென்று ஓர் இழுப்பு, மறுபடி ஒரு தட்டு, அதற்குப் பிறகுதான் பாடகர் டெரிக் மென்டிஸ் மைக்கைக் கையில் எடுத்தார், மைதானத்தில் நாலாயிரம் பேர் ஹோவென்று கத்தினார்கள், பதினோராவது வரிசையில் நின்ற ஏகாம்பரம் மட்டும் தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அடப்பாவமே, இன்னும் பயம் போகவில்லையே இந்த மனுஷனுக்கு, முப்பத்தெட்டு வருஷமாகியும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தானே எடுக்கிறார், அதுவும் இது ஒயர் இல்லாத மைக், பேட்டரியில் ஓடுவது, இதில் எந்தக் கரண்டு எங்கேயிருந்து வந்து அடித்துவிடும், அறுபத்துநாலு வயது எலக்ட்ரீஷியன் ஏகாம்பரத்துக்கு இது தெரியாதா, மேடையில் நிற்கிற அவருக்கும்தான் தெரியாதா, தெரிந்தும் அந்தக் கை போகிறதே, அப்படிப் போக வைத்த ஆள் யாரென்று கேட்டால் ஏகாம்பரம் தன்னைத் தவிர யாரைக் காட்டுவார். பக்கத்தில் சுலோச்சனா இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு கோயில் திருவிழாவுக்கு வந்தவள்போல வேடிக்கை பார்க்கிறாள், இன்னா இது, அவன் இன்னும் வாயே தொறக்கல, அதுக்குள்ள உங்களுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது என்றாள், ஒண்ணுமில்லடி, வெயிலு என்றார், டிசம்பர் மாசத்து சாயங்கால வெயில், அதில் வேர்த்த ஒரே ஆள் அவர்தான்.

டிக்கெட் வாங்கிக் கொடுத்தது மகள் நித்திலா, அப்பா ஃபேன் கழற்றும்போதும் சுவிட்ச் மாட்டும்போதும் முனகுகிற ஒரே மெட்டை எங்கேயோ தேடிக் கண்டுபிடித்து, இது லோக்கோ ஷெட்டுன்னு ஒரு பேண்டோட பாட்டுப்பா, பெரம்பூர் ரயில்வே காலனிக்காரங்க, ஆரம்பிச்சு முப்பத்தெட்டு வருஷமாம், அம்மாவையும் கூட்டிட்டுப் போ என்று கையில் திணித்துவிட்டாள், வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்பதை அவர் கட்டின பெண்டாட்டியிடமே சொன்னதில்லை. இதோ டிரம்ஸ் இடிக்கத் தொடங்குகிறது, இடி நெஞ்செலும்பில் இறங்குகிறது, இறங்க இறங்க அது சுத்தியல் சத்தமாகிறது, எண்பத்தாறாம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் வாரம், ரயில்வே மைதானம், ஏகாம்பரத்தின் அக்கா புருஷன் கன்னியப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் எர்த் கம்பியை மண்ணில் இறக்குகிறார், மாமாவும் மச்சானுமாகச் சேர்ந்து நடத்திய மைக்செட் கடை, கல்யாணம், கட்சிக் கூட்டம், ஆடி மாசத்துக் கூழ், எல்லாவற்றுக்கும் போவார்கள், வெள்ளைக்காரப் பாட்டுக்குப் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. மாமாவுக்கு இரண்டு வேதவாக்கு உண்டு, கம்பியைச் சுத்தி ஒரு பக்கெட் உப்புத்தண்ணி ஊத்து, ஒரு மணி நேரம் கழிச்சு ரெண்டாவது பக்கெட் ஊத்து, மண்ணு காஞ்சா கரண்டு மைக்குல பாடுறவன் வாயில வரும்டா மச்சான் என்பது ஒன்று, தெரியாத இரும்பை மொதல்ல புறங்கையால தொடு, உள்ளங்கைன்னா புடிச்சிக்கும், விடாது, புறங்கைன்னா உதறிடும் என்பது இன்னொன்று. முதல் பக்கெட்டை ஏகாம்பரம் ஊற்றினார், இரண்டாவது பக்கெட்டையும் நிரப்பி, உப்பைக் கரைத்து, மேடையின் ஓரத்தில் தயாராக வைத்தார், எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அந்தப் பாட்டு வந்தது, பேசின் பிரிட்ஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள், சென்ட்ரலுக்குள் நுழையும் முன் பேசின் பிரிட்ஜில் நிற்காத ரயில் உண்டா, எதற்கு நிற்கிறது, எப்போது கிளம்பும், அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம், அந்த நிற்பைத்தான் அவர்கள் பாட்டாக்கியிருந்தார்கள், கிதார் கரகரவென்று கிளம்பி, வேகம் பிடித்து, திடீரென்று அத்தனையும் நின்றுவிடும், மைதானம் முழுக்க மூச்சு விடாமல் நிற்கும், விசில் அடிக்கக்கூடாது, கை தட்டக்கூடாது, அது பாட்டுக்கு முன்னாலேயே டெரிக் போட்ட சட்டம், பிறகு டெரிக் ரயில் கூவுகிற மாதிரி ஒரு கூவல் கூவ, எல்லாம் மறுபடி வெடித்துக்கொண்டு கிளம்பும். இங்கிலீஷில் ஒரு வார்த்தை புரியாத ஏகாம்பரம், வாழ்க்கையில் அதுவரை பாட்டு என்றால் ஸ்பீக்கர் கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய சத்தம் என்று நினைத்திருந்த ஏகாம்பரம், பக்கெட்டை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஏதோ மந்திரித்து விட்டாற்போல மேடைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார், வாயைப் பிளந்துகொண்டு நின்றார், மணி போனது தெரியவில்லை, மண் காய்ந்தது தெரியவில்லை, ஒன்ஸ்மோர் என்று கூட்டம் கத்தியது, ஏகாம்பரமும் சேர்ந்து கத்தினார், கத்தினாரே, அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவுவது, இரண்டாம் தடவை பாட்டு நின்றது, அமைதி, டெரிக் ஒரு கையில் கிதார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதட்டை வைத்தார், கூவல் வரவில்லை, ஆள் தூக்கி எறியப்பட்டு டிரம்ஸ் மேல் விழுந்தார். ஏகாம்பரம் ஓடினார், மெயினைப் பிடுங்கினார், மைதானம் இருண்டது, அவர் மட்டும் திரும்பி வரவில்லை, பின்பக்கச் சுவரேறிக் குதித்து, அரக்கோணத்தில் ஒரு சிநேகிதன் வீட்டில் ஒன்பது நாள் படுத்துக் கிடந்தார், திரும்பி வந்தபோது மாமா ஒரே வரி சொன்னார், ஆளு உசிரோட இருக்கான், நீ வேலையப் பாரு, அவ்வளவுதான், அந்தப் பேச்சை இரண்டு பேரும் அதற்கப்புறம் எடுக்கவேயில்லை, மாமா போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. உதடு வெந்துவிட்டதாம், அஞ்சு வருஷமா அவன் மேடை ஏறவேயில்லையாம், மைக்கைக் கண்டால் நடுங்குறானாம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், மறுபடி பாட வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோதும் சந்தோஷப்படத் தைரியமில்லை, எங்காவது அந்தக் கோஷ்டியின் போஸ்டரைக் கண்டால் ஏகாம்பரம் எதிர்ப்பக்கம் போய் நடந்தார்.

இப்போது மூன்றாவது பாட்டா, ஏழாவது பாட்டா, தெரியவில்லை, ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அந்தப் புறங்கை போகிறது, ஒவ்வொரு தடவையும் ஏகாம்பரத்தின் தலை குனிகிறது, குனிந்த தலைக்குள் நித்திலாவின் கல்யாணம் ஓடுகிறது, ரிசப்ஷனில் பட்டு வேட்டியோடு மண்டபத்துக்குப் பின்னால் போய் எர்த் கம்பிக்கு நாலு தடவை தண்ணீர் ஊற்றியது, வூட்டுல இருக்கிற துளசிக்கு ஒரு நாள் ஊத்தினதில்ல, கம்பிக்கு ஊத்துறாரு பாரு என்று சுலோச்சனா சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிச் சிரித்தது. சொல்லிவிடலாமா இவளிடம், இந்தச் சத்தத்தில் சொன்னால் காற்றோடு போய்விடும், சொன்னதாகவும் ஆகும், அவள் காதருகே குனிந்து ரெண்டாவது பக்கெட்டை நான் ஊத்தலடி, அந்த ஆளைச் சாகடிக்கப் பாத்தது நான்தான் என்றார், கிதார் அலறியது, அவள் பஞ்சைத் தடவிக்கொண்டு, இன்னா, பக்கெட்டா, மோட்டாரை ஆஃப் பண்ணிட்டுதான் வந்தேன் என்றாள். சிரிப்பு வந்தது அவருக்கு, கூடவே கண்ணும் கலங்கியது, அதைப் பார்த்துவிட்டு அவள் மெதுவாக ஒரு காதுப் பஞ்சை எடுத்தாள், சொல்லுங்க என்றாள், எல்லாவற்றையும் சொன்னார், கத்திக் கத்திச் சொன்னார், முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. சுலோச்சனா இன்னொரு காதுப் பஞ்சையும் எடுத்தாள், இத்தினி வருசமா உள்ளயே வச்சுப் புழுங்கினீங்களா, இன்னா ஜென்மமோ நீங்க, போய்ச் சொல்லிட வேண்டியதுதானே, அடிச்சா வாங்கிக்குங்க, நான் கூட வரேன் என்றாள். கடைசிப் பாட்டு என்று மேடையில் சொன்னார்கள், கூட்டம் பேசின் பிரிட்ஜ், பேசின் பிரிட்ஜ் என்று கூப்பாடு போட்டது.

கிதார் கிளம்பியது, அதே கரகரப்பு, வேகம் பிடித்தது, சத்தம் உச்சிக்கு ஏறி அப்படியே நின்றது, நாலாயிரம் பேர் மூச்சை அடக்கினார்கள், தூரத்தில் ஒரு காக்கா கத்தியது, ஏகாம்பரம் சுலோச்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டார், எந்த வருஷம் இது, கால் தானாக மெயின் இருக்கும் திசைக்குத் திரும்புகிறது, மண் காய்ந்திருக்குமே, யாராவது ஊற்றினார்களா, டெரிக் அந்த வெள்ளைத் தலையைச் சாய்த்து உதட்டை மைக்கில் வைக்கிறார், வைத்துவிட்டார், கூவினார். கூவல் வந்தது, முழுசாக வந்தது, முப்பத்தெட்டு வருஷம் பேசின் பிரிட்ஜிலேயே நின்றுகொண்டிருந்த வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது, ஏகாம்பரம் ஓவென்று அழுதார், குதித்தார், முழங்கால் வலி உள்ள மனுஷன் என்று யாரும் சொல்லமுடியாது, யோவ், பாத்து, பாத்து என்று சுலோச்சனா சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தால் டெரிக் கீழே இறங்கி, இரும்புத் தடுப்பை ஒட்டி நடந்து, நீட்டுகிற கைக்கெல்லாம் கை கொடுப்பது வழக்கமாம், சுலோச்சனாதான் நாலு பேரை முழங்கையால் இடித்து வழி உண்டாக்கினாள், முகம் கிட்டத்தில் வந்தது, கீழுதட்டில் ஒரு வெளிறிய தழும்பு, சார், எண்பத்தாறு, ரயில்வே கிரவுண்டு, மைக்செட்டு நாங்கதான், ரெண்டாவது பக்கெட் தண்ணி நான் ஊத்தல சார், என் தப்புதான், என்று எப்படியோ சொல்லி முடித்தார். டெரிக் நின்றார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், கன்னியப்பன் மச்சானா நீ, என்றார், தெரியும் மேன், மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் எல்லாம் சொல்லிட்டாரு, தினம் கஞ்சி வேற கொண்டாந்தாரு. ஏகாம்பரம் திகைத்துப்போய், அப்புறம் நீங்க அஞ்சு வருசம் பாடவே இல்லியே சார் என்றார், பாடலைன்னா, ரயில்வேல கார்டு வேலை குடுத்து ஆந்திராவுல குண்டக்கல்லுக்கு அனுப்பிட்டான் மேன், அங்க நான் யாருக்குப் பாட, கூட்ஸ் வண்டிக்கா, என்று டெரிக் சிரித்தார். அப்ப மைக்கை இப்படித் தொடுறீங்களே, என்று ஏகாம்பரம் கையை மடக்கிக் காட்டினார், பயம் இல்லையா சார், பயமா, என்றார் டெரிக், இது உங்க மாமா கத்துக் குடுத்தது மேன், ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து கத்துக் குடுத்தாரு, இதைத் தொட்டுப் பாத்துட்டா அப்புறம் எனக்குப் பயமே கிடையாது. சொல்லிவிட்டு நகரப் போனவர் நின்றார், உன்னைப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன், மச்சான் ஏன் தண்ணி ஊத்தலைன்னு கேட்டேன், பாட்டுல மயங்கி நின்னுட்டான் சார்னு சொன்னாரு, அன்னிக்கு எங்களுக்கு அது மொதல் கச்சேரி மேன், எங்க பாட்டைக் கேட்டு வேலைய மறந்த மொதல் ஆளு நீ.

ஏகாம்பரத்தின் கை தடுப்புக்கு மேல் நீண்டு கிடந்தது, அதை நோக்கி அந்தப் புறங்கை வருகிறது, விரல்கள் உள்ளே மடங்கி, முட்டிகள் மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு, தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு, சட்டென்று ஓர் இழுப்பு, மறுபடி ஒரு தட்டு, கரண்டு இல்ல மேன் என்று சுலோச்சனாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, டெரிக் உள்ளங்கையை விரித்து அவர் கையைப் பிடித்தார், பிடித்தது விடவேயில்லை.