காராமணி தின்னியின் நேரலை

சீனாபுகு ஊர் வானொலியில் தெனின் கூலிபாலி தயாரிப்பாளர். இத்தனை காலம் ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றே எல்லோரையும் ஆட்டிவைத்தவள். இன்றைக்கு அறிவிப்பாளன் காய்ச்சலில் படுத்துவிட, அவளே மைக் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

காய்கறிச் சந்தையின் ஒரே குழாயை, சந்தை அதிகாரி நாமோரி பூட்டிப்போட்டு வெகுநாளாகிறது. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. இன்றைய நிகழ்ச்சி அதைப் பற்றித்தான். சந்தைப் பெண்கள் தெனினிடம் பொரிந்து தள்ளினார்கள். அதையே வானொலியில் சொல்லுங்கள் என்றால் மட்டும் கப்சிப். நாளைக்குக் கடை போட விடுவாரோ என்ற பயம்.

"இந்தப் பாட்டு முடிஞ்சும் ஒரு போன் வரலைன்னா, உன் நிகழ்ச்சிக்கு இன்னியோட முழுக்கு" என்று நிலைய இயக்குநர் சூங்காலோ கெய்ட்டா சொல்லியிருந்தார்.

பாட்டு முடிந்தது. தெனின் நேயர்களைக் கெஞ்சிப் பார்த்தாள். போன் வாய் திறக்கவில்லை. அவளுக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

இயக்குநர் கதவைத் திறந்தார். வேறு யாராவது என்றால் சைகை காட்டியிருப்பார். ஒரு கூலிபாலி பேச்சற்று விழிப்பதைப் பார்த்துவிட்டு ஒரு கெய்ட்டா எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? இரு குலத்துக்கும் கேலி முறை. ஒருவரை ஒருவர் காராமணி தின்னி, அடிமை என்று வைதாலும் கோபப்படக்கூடாது. அந்த முறையில் ஒன்றைக் கேட்டால் மறுப்பதும் மானக்கேடு.

"என்னடி காராமணி தின்னி, மைக்கையும் வேகவெச்சு முழுங்கிட்டியா?"

அப்புறம்தான் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் ஊரே கேட்டுவிட்டது.

தெனினுக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ! "நேயர்களே, இப்பக் குலைச்சது என் அடிமை சூங்காலோ கெய்ட்டா. எங்க வீட்டுச் சட்டியில ஒட்டின காராமணியைச் சுரண்டித் தின்னு வளந்தவரு. இப்ப இயக்குநராம்!"

போன் அலறியது. கெய்ட்டாக்கள் வைதார்கள், கூலிபாலிகள் திருப்பி வைதார்கள். இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போது ஒரு பெண் குரல். "வெங்காயம் விக்கிற நியெலே பேசறேன். நானும் கூலிபாலிதான். அந்த நாமோரி கெய்ட்டாதானே? டேய் நாமோரி, காராமணி ஊறவைக்கத் தண்ணி இல்லடா! எஜமானி சொல்றேன், சாவியோட ஓடியா!"

அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். யாருக்கும் பயமே இல்லை. புகார் என்றால் அதிகாரி காது கேளாதவராக இருந்துவிடலாம். கேலி முறையில் கேட்டால் ஒரு கெய்ட்டா எங்கே போய் ஒளிவது?

நிகழ்ச்சி முடியும் நேரத்தில் நியெலே மறுபடி கூப்பிட்டாள்.

"தெனின், இதைக் கேளு."

தகர வாளியில் தடதடவென்று ஏதோ விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓர் ஆண் குரல்: "குடிங்கடி காராமணி தின்னிங்களா, வயிறு வெடிக்கட்டும்!"

தெனின் வாய்விட்டுச் சிரித்தாள். ஒலியை முழுதாக ஏற்றினாள். சீனாபுகுவின் வீடுகளில், கடைகளில், வண்டிகளில் எல்லாம் தண்ணீர் கொட்டியது.